முன்வரிசைப் பிள்ளைகள்

கலைக்கு நாம் பகைவரல்லர். இதனை முதலிலேயே சொல்லிவைப்பது நலம். இசைவிழா ஒன்றைப் பற்றிக் குறைகூற வாய் திறந்தவுடனேயே, 'பழமைவாதி' என்றும் 'மக்களின் மகிழ்ச்சி பொறாதவர்' என்றும் முத்திரை குத்துவதற்கு ஒரு கூட்டம் ஆயத்தமாக நிற்கிறது. சினிமாப் பாட்டைத் தீட்டென்று ஒதுக்கும் மேட்டிமை நமக்கு ஒருபோதும் உடன்பாடில்லை. உழைத்துக் களைத்தவன் கேட்டு மகிழும் பாட்டு எதுவாயினும் அதற்கு ஒரு நியாயம் உண்டு. நாம் எழுப்பும் கேள்வி வேறு: அந்தப் பாட்டு எத்துணை வலிவோடு, எவருடைய காதில், எவரைக் கேட்டுக்கொண்டு ஊற்றப்படுகிறது?

2023 ஒக்டோபரில் சந்தோஷ் நாராயணனின் இசை நிகழ்ச்சி யாழ்ப்பாணம் முற்றவெளியில் நடந்தது. 2024 பெப்ரவரி 9 இல் அதே வெளியில் ஹரிஹரனின் இசை நிகழ்ச்சி. இரண்டாவது விழாவில் பணம் கொடுத்தோர்க்கு முன்புறம், கொடாதோர்க்குப் பின்புறம். தடுப்புகள் உடைந்தன, மக்கள் முன்னே பாய்ந்தனர், நிகழ்ச்சி இடையில் நின்றது. மறுநாள் தொடங்கிய விவாதம் நம்மவரின் 'ஒழுங்கீனம்' பற்றியதாகவே இருந்தது. அதற்கு முந்திய ஆண்டு, 2023 செப்டெம்பர் 10 இல், சென்னையில் ஏ. ஆர். ரகுமானின் 'மறக்குமா நெஞ்சம்' நிகழ்ச்சியில் நுழைவுச்சீட்டு வாங்கியோரே உள்ளே போகமாட்டாது திரும்பினர்; நெரிசலில் குழந்தைகள் பெற்றோரைப் பிரிந்து தவித்தனர். இசைவிழா அல்லவாயினும், குழந்தைகளைத் தோளிலேற்றிக்கொண்டு மக்கள் திரண்ட கரூர் அரசியற் கூட்டத்தில், 2025 செப்டெம்பர் 27 இல், 41 உயிர்கள் போயின. அவற்றுள் பிஞ்சுகளும் அடக்கம்.

இவை கண்ணுக்குத் தெரிந்த கேடுகள். செய்தித்தாள் எழுதும், அமைச்சர் அறிக்கை விடுவார், விசாரணை நடக்கும். ஆனால் அத்தகைய திரளிலிருந்து ஒரு கீறலுமின்றி வீடு திரும்பிய குழந்தையின் உட்செவியில் என்ன நடந்தது என்று எவர் விசாரித்தார்?

உட்செவியில் நத்தையோடு போலச் சுருண்ட ஓர் உறுப்பு உண்டு. மயிர்க்கலங்கள் எனப்படும் நுண்ணிய கலங்கள், காதொன்றுக்கு ஏறத்தாழப் பதினையாயிரம், அங்கேதான் இருக்கின்றன. ஒலியலையை நரம்புக்கு மொழிபெயர்த்துக் கொடுப்பவை அவையே. தோல் கிழிந்தால் ஆறும். எலும்பு முறிந்தால் பொருந்தும். இக்கலங்களோ ஒருமுறை மடிந்தால் மனிதரில் மீண்டும் முளைப்பதில்லை. விழா முடிந்த இரவில் காதுக்குள் 'ஙொய்' என்று கேட்கிறதே, அது களிப்பின் மிச்சமன்று. அடிபட்ட கலங்களின் முறையீடு. இரண்டொரு நாளில் அது அடங்கலாம். அடங்கிவிட்டதால் சேதமில்லை என்று கொள்வதற்கு விஞ்ஞானம் இடந்தரவில்லை.

முற்றவெளி தொலைவிலிருக்கிறது, நம் கொக்கிளாய்க்கு வருவோம். பெருநட்சத்திரங்கள் இந்தக் களப்போரத்துக்கு வரமாட்டார்கள். ஆயினும் திருவிழா வரும், விளையாட்டுக் கழகத்தின் ஆண்டுவிழா வரும், அவற்றோடு இசைக்குழு வரும், இசைக்குழுவுக்கு முன்னதாக லொறியில் 'பொக்ஸ்' வரும். ஆளுயரத்துக்கு மேல் அடுக்கிய அந்தப் பெட்டிகளின் எண்ணிக்கையே இப்பொழுது விழாவின் மதிப்பு. போன வருடம் அந்த ஊர் எட்டு வைத்தது, இந்த வருடம் நாம் பன்னிரண்டு வைக்கவேண்டும் என்பது வழக்கமாகிவிட்டது. பாடகன் யாரென்று கேட்பார் குறைவு.

அந்தப் பெட்டிகளுக்கு நேர் முன்னே, மணலில், யார் இருக்கிறார்கள்? பெரியவர்கள் பின்னே கதிரைகளில், இளைஞர் ஓரங்களில், சிறுபிள்ளைகள் முன்னே பாயில். "பிள்ளையள் முன்னுக்கு இருக்கட்டும், அதுகளுக்கு மறைக்கும்" என்பது நம் சனங்களின் வாயில் தானாக வரும் சொல். கொடுமை நினைத்து எவரும் அதைச் சொல்வதில்லை. அது கூத்துக் காலத்தின் அன்பு. முல்லைத்தீவுப் பகுதியில் கோவலன் கூத்து விடியவிடிய ஆடப்பட்டபோது பிள்ளைகள் பாயில் முன்னே இருந்தார்கள், பார்த்தார்கள், அங்கேயே உறங்கினார்கள். அண்ணாவியாரின் குரலும் மத்தளமும்தான் அன்றைய ஒலிபெருக்கி. தவிலும் பறையும் மெல்லியவை என்று நாம் பொய்யுரைக்க வரவில்லை. அருகிருந்து கேட்டால் அவையும் காதைத் தாக்கும், வாசிப்பவர் காதை முதலில் தாக்கும். ஆனால் வாசிப்பவனுக்குக் கை வலிக்கும், மூச்சு வாங்கும், இடையில் நிறுத்துவான். மின்சாரத்துக்குக் கை வலிப்பதில்லை. கூத்து போய்ப் பெட்டி வந்தது. பிள்ளையின் பாய் மட்டும் அதே இடத்தில் கிடக்கிறது. முன்பு மடியாக இருந்த இடம் இன்று பீரங்கியின் வாய்.

சற்றுக் கணக்கும் பார்ப்போம். தனியாள் கருவிகளில் பாட்டுக் கேட்பதற்கு உலக சுகாதார நிறுவனம் வகுத்த அளவு, வளர்ந்தவர்க்கு வாரத்தில் 40 மணிநேரத்துக்கு 80 டெசிபல், குழந்தைகளுக்கு 75. ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் பாதுகாப்பான நேரம் பாதியாகும். இந்தக் கணக்கின்படி 100 டெசிபலைக் குழந்தை தாங்கத்தக்க நேரம் முழு வாரத்துக்கும் எட்டு நிமிடம்கூட இல்லை. பொழுதுபோக்கு அரங்குகளுக்கென 2022 இல் அந்நிறுவனம் விதித்த உச்ச வரம்பும் அதே 100 டெசிபல்தான். அதுவும் ஒலியை அளப்பவர் நின்று கண்காணிக்கும் அரங்கில். நம் திருவிழாவில் அளப்பவர் யார்? மூன்று மணிநேரம் அந்தப் பிள்ளை பாயில் இருக்கிறதே, அதன் கணக்கை வைத்திருப்பவர் யார்? கருவி இல்லையென்று கைவிரிக்கவும் வேண்டாம். கைநீட்டுத் தூரத்தில் நிற்பவரோடு கத்தித்தான் பேச முடிகிறதென்றால், அபாய எல்லை கடந்தாயிற்று.

இனி, அடிக்கடி நம் முகத்தில் எறியப்படும் ஒரு வாதம். "ஷெல்லுக்குள்ள வளந்த சனத்துக்கு இந்தச் சத்தம் ஒரு சத்தமோ?" என்கிறார்கள். சிரித்துக்கொண்டே சொல்கிறார்கள். இதைவிட நெஞ்சைச் சுடும் வாதத்தை நாம் கேட்டதில்லை.

1984 இல் இந்தக் கிராமம் விரட்டப்பட்டது. முல்லைத்தீவின் பிற பகுதிகளில் ஒண்டி வாழ்ந்த குடும்பங்கள் 2009 இன் எறிகணை மழைக்குள் அகப்பட்டன; போர் முடிந்த பின்னரே ஊரின் மண்ணை மிதித்தன. அன்று பதுங்குகுழியில் தாயின் கைகளால் காது பொத்தப்பட்டுக் கிடந்த பத்து வயதுச் சிறுவன் இன்று தகப்பன். வெடியதிர்வு செவிப்பறையைக் கிழிக்கும், மயிர்க்கலங்களைக் கொல்லும் என்பது மருத்துவம் அறிந்த உண்மை. அந்தத் தகப்பர்களில் எத்தனை பேருடைய செவி சோதிக்கப்பட்டது? காலிழந்தவரையும் கண்ணிழந்தவரையும் உலகம் பார்க்கிறது. காது மந்தமானவர் தம்மையே அறியார். அவர் பெட்டிக்கு அருகே நின்று "சத்தம் அளவாய்த்தான் இருக்கு" என்று மெய்யாகவே நம்பிச் சொல்கிறார். போர் கொன்ற செவி, பிள்ளையின் செவிக்கு அளவுகோலாகிவிடுகிறது! இதைவிடக் கொடிய மரபுரிமை வேறென்ன? ஷெல்லுக்குள் வளர்ந்தோம் என்பது, நம் பிள்ளையேனும் அமைதிக்குள் வளரவேண்டும் என்று கேட்பதற்குரிய காரணம். அதைச் சத்தத்துக்குச் சான்றிதழாக்குவோர், அன்று காதைப் பொத்திய தாயின் கைகளை நினைத்துப் பார்க்கட்டும்.

செவிக்கேடு பள்ளிக்கு வந்து சேரும் விதத்தையும் சொல்லவேண்டும். வகுப்பறையில் நிற்பவராகையால் நாம் அதை அறிவோம். பேரொலி முதலில் தின்பது உயர்ந்த சுருதிகளைக் கேட்கும் ஆற்றலை. உயிரெழுத்து தாழ்ந்த சுருதியிலும் கேட்கும்; வல்லினத்தின் வெடிப்போ மங்கிவிடும். ஆசிரியர் பேசுவது அந்தப் பிள்ளைக்குக் கேட்கிறது, ஆனால் 'பத்து' என்றாரா 'பட்டு' என்றாரா என்பது பிடிபடுவதில்லை. அது சொல்வதெழுதலில் பிழை விடுகிறது. நாமோ 'கவனக்குறைவு' என்று சிவப்பு மையில் எழுதுகிறோம். பின்வாங்கில் இருத்துகிறோம். பத்தாம் வகுப்போடு அது கடலுக்குப் போகிறது. அங்கும் காதுதான் தொழிற்கருவி: இருட்டில் அயற்படகின் இயந்திர ஒலியை முன்கூட்டிக் கேளாதவன் நிலை என்ன?

"அப்படியானால் பிள்ளையை வீட்டில் பூட்டிவிட்டுப் போவதா?" என்று கேட்கும் தாய்க்கு நாம் சொல்வது: கூட்டிக்கொண்டு போங்கள், அம்மா. ஆண்டில் ஒருநாள் வரும் விழா. பிள்ளைக்கு அது வேண்டும், உங்களுக்கும் வேண்டும். பாயை மட்டும் பின்னே இழுங்கள். திறந்தவெளியில், ஒற்றைப் பெட்டியாயின், தூரம் இருமடங்கானால் ஏறத்தாழ 6 டெசிபல் குறையும். அழும் கைக்குழந்தை அடம்பிடிக்கவில்லை. எழுந்து போகக் கால் இல்லாததனால் அழுகிறது.

ஆனால் பழியைத் தாயின் தலையில் வைத்துவிட்டுக் கைகழுவ முடியாது. 2005 ஜூலை 2 இல் இலண்டன் ஹைட் பார்க்கில் நடந்த 'லைவ் 8' பெருவிழாவுக்குக் கோல்ட்பிளே குழுவின் பாடகர் கிறிஸ் மார்ட்டினின் ஒரு வயதுக் குழந்தை அழைத்து வரப்பட்டது. அதன் காதுகளில் ஒலித்தடுப்புக் கவசம். படம் உலகெங்கும் வெளியாயிற்று. ஒலியை விற்பவர் வீட்டில் அதன் வலிவு தெரிந்திருக்கிறது. வாங்குபவன் பிள்ளைக்குத்தான் பஞ்சும் இல்லை. (பஞ்சு போதாது என்பது வேறு, அது தடுப்பது மிகச் சொற்பம்.) இசைக்குழுவுக்கும் பெட்டிக்கும் வாணவேடிக்கைக்கும் ஊரில் அறவிடும் பணத்தில், இருபது காதுக்கவசம் வாங்கிவைக்க ஒரு சிறு பங்கு போதும். அதை வாங்கவேண்டியது விழாக்குழு. நிபந்தனையாக்க வேண்டியது அனுமதி கொடுக்கும் அதிகாரம்.

அனுமதி என்றவுடன் சட்டம் நினைவுக்கு வருகிறது. 2007 இல் நம் நாட்டு உயர் நீதிமன்றம், இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுக்கலாகாது என்று பொதுவிதி வகுத்தது. நல்ல தீர்ப்பு, ஆனால் அது காத்தது அயலவரின் உறக்கத்தை. மாலை ஏழு மணிக்குப் பெட்டியின் முன்னே பாயில் இருக்கும் பிள்ளையின் காதுக்கு யார் காவல்? பொலிஸ் அனுமதிப் பத்திரத்தில் நேரம் எழுதப்படுவதுபோல ஒலியின் அளவும் எழுதப்படட்டும். பெட்டிகளுக்கு முன்னே இருபது அடிக்குக் கயிறு கட்டட்டும். அதற்குள் எவரும் இருக்கலாகாது. பிள்ளைகளின் பாய்க்கு மேடையின் பக்கவாட்டில், பெட்டியின் நேர்க்கோட்டுக்கு வெளியே, மறைக்காத இடமாகப் பார்த்து ஒதுக்கட்டும். சுகாதார வைத்திய அதிகாரி பணிமனை ஆண்டுக்கொருமுறை நம் பள்ளிகளில் செவியையும் சோதிக்கட்டும். பிள்ளையோடு வரும் தகப்பனின் செவியையும் சேர்த்தே சோதிக்கட்டும்.

அடுத்த திருவிழாவுக்குக் காசு சேர்க்க விழாக்குழுவினர் பற்றுச்சீட்டுப் புத்தகத்தோடு படலையில் வந்து நிற்பார்கள். கொடுப்பதற்கு முன் ஒன்றைக் கேளுங்கள்: "இந்தமுறை எத்தனை பெட்டி? பிள்ளையள் எங்கை இருக்கிறது?"