விண்வெளியிலும் கரண்ட் சும்மா வராது

ஓட்டப்பிடாரத்துக் கரிசல் காட்டில் நின்று பார்த்தால் அங்கங்கே காற்றாலைகள். இதே தூத்துக்குடி மாவட்டத்தின் தெற்குக் கடற்கரையில், குலசேகரன்பட்டினத்தில், இஸ்ரோவின் புதிய ஏவுதளத்துக்கு 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டினார்கள். இரண்டையும் முடிச்சுப்போட்டு ஒரு பேச்சு உலவுகிறது: "இங்க காத்து நின்னா காத்தாடியும் நின்னுரும். விண்வெளியில காத்து கிடையாது, எடை கிடையாது, தேய்மானம் கிடையாது. ஒரு ஜெனரேட்டரைக் கொண்டுபோய்ச் சுத்திவிட்டுட்டா காலத்துக்கும் ஓடும், கரண்ட் சும்மா வரும்."

கேட்பதற்குப் பொருத்தமாகத் தெரிவதுதான் இதிலுள்ள ஆபத்து. நாளை அந்த ஏவுதளத்துக்கு வேலைக்குப் போக வேண்டியவர்கள் இந்தக் கரிசல் காட்டுப் பிள்ளைகள். அவர்கள் மனதில் இது பதிந்துவிடக் கூடாது.

இதற்கு நேர்மாறாக, காற்றில்லாத இடத்தில் மோட்டாரே ஓடாது என்பவர்களும் உண்டு. அவர்களுக்குப் பதில் எளிது. காந்தப்புலத்துக்குக் காற்று தேவையில்லை. 2023 ஆகஸ்டில் நிலவில் இறங்கிய பிரக்யான் ஊர்தி ஆறு சக்கரங்களையும் மோட்டாரால் உருட்டித்தான் நூறு மீட்டருக்குச் சற்று மேல் ஓடியது.

'காலத்துக்கும் ஓடும்' என்பதில் பாதி உண்மை இருக்கிறது. 2004-இல் நாசா அனுப்பிய கிராவிட்டி புரோப் பி செயற்கைக்கோளில் பிங்பாங் பந்து அளவிலான குவார்ட்ஸ் உருண்டைகள் எதையும் தொடாமல் மிதந்து சுழன்றன. தம்போக்கில் விட்டால் அவை ஓய ஆயிரக்கணக்கான ஆண்டுகள் ஆகும். ஆனால் அவற்றிடமிருந்து யாரும் மின்சாரம் எடுக்கவில்லை. எடுக்கத் தொடங்கினால் கதை மாறிவிடும். கம்பிச்சுருளில் மின்னோட்டம் பாய்ந்ததும் அதுவே ஒரு காந்தப்புலத்தை உண்டாக்கி, சுழலும் பாகத்தைப் பின்னுக்கு இழுக்கும். லென்ஸ் விதி என்று பிளஸ் டூ இயற்பியலில் படிப்பது இதைத்தான். அந்த இழுப்பு காற்றால் வருவதல்ல. காற்றை நீக்கினாலும் போகாது. முதலில் சுற்றிவிட்டபோது கொடுத்த ஆற்றல் எவ்வளவோ அவ்வளவுதான் திரும்பக் கிடைக்கும், அதுவும் கொஞ்சம் குறைவாக. நம்மூர்க் காற்றாலை நிற்காமல் மின்சாரம் தருகிறதென்றால், அதற்குக் காரணம், காற்று நொடிதோறும் புது ஆற்றலைக் கொண்டுவந்து கொட்டுவதுதான். அந்த ஆற்றலைக் கொடுத்துவிட்டு இறக்கையைத் தாண்டிப்போகும் காற்றின் வேகம் குறைந்துவிடுகிறது.

விண்வெளியிலேயே இதைச் சோதித்திருக்கிறார்கள். 1996 பிப்ரவரியில் கொலம்பியா விண்ணோடத்திலிருந்து ஓர் இத்தாலியச் செயற்கைக்கோளைக் கம்பியில் கட்டி வெளியே விட்டார்கள். பூமியின் காந்தப்புலத்தை வெட்டிக்கொண்டு போன அந்தக் கம்பி ஏறக்குறைய 20 கிலோமீட்டர் நீண்டபோது 3,500 வோல்ட் மின்னழுத்தம் கிடைத்தது. அதன் பின் மின்பொறி தெறித்துக் கம்பி எரிந்து அறுந்தது. அந்த மின்சாரமும் சும்மா வரவில்லை. விண்ணோடத்தின் ஓட்டத்திலிருந்து பிடுங்கப்பட்ட ஆற்றல் அது. எடுத்துக்கொண்டே போனால் சுற்றுப்பாதை தாழ்ந்துகொண்டே வரும்.

அடுத்தது, தேய்மானம் இல்லை என்பது. உண்மை இதற்கு நேரெதிர். இரண்டாம் உலகப் போரில் மிக உயரத்தில் பறந்த விமானங்களின் மோட்டார், ஜெனரேட்டர்களில் கார்பன் பிரஷ்கள் மளமளவென்று பொடியாகிப் போயின. கார்பனுக்கு வழுவழுப்பைத் தருவதே காற்றிலுள்ள ஈரம்தான். உயரே அது இல்லை. விண்வெளியில் சாதாரண கிரீஸும் ஆவியாகிக் கேமரா லென்ஸில் போய்ப் படியும். துருவோ ஆக்சைடு படலமோ இல்லாத சுத்தமான உலோகமும் உலோகமும் அழுந்தினால் ஒட்டிக்கொள்ளவும் செய்யும். அதனால்தான் பிரஷ் இல்லாத மோட்டார்களையும், மாலிப்டினம் டைசல்பைடு போன்ற உலர்ந்த மசகையும் நாடுகிறார்கள். அத்தனை கவனத்துக்குப் பிறகும், சர்வதேச விண்வெளி நிலையத்தில் சூரியத் தகடுகளைத் திருப்பும் பெரிய சுழல் மூட்டு 2007-இல் அதிரத் தொடங்கியது. மோட்டார் வழக்கத்தைவிட அதிக மின்சாரத்தை இழுத்தது. வெளியே போய்ப் பார்த்த வீரர்கள் இரும்புத் துகள்களைக் கண்டார்கள். மசகு போதாமல் உருளைகள் வளையத்தை அரைத்திருந்தன. 2008 நவம்பரில் விண்நடை நடந்துதான் அதைத் துடைத்துக் கிரீஸ் பூசினார்கள்.

விண்வெளி குளிர், அங்கே மோட்டார் சூடாகாது என்பதும் தப்பு. போர்வெல்லில் தண்ணீர் இறங்கிய பின்னும் சப்மெர்சிபிள் மோட்டார் ஓடினால் காயில் கருகிவிடும் என்பது கோவில்பட்டி வட்டாரத்துச் சம்சாரிக்குச் சொல்லித் தர வேண்டியதில்லை. சூட்டை வாங்கிக்கொள்ளத் தண்ணீர் இல்லை, அவ்வளவுதான். வெற்றிடத்தில் காற்றும் இல்லை. உலோகச் சட்டத்தின் வழியே சூட்டைக் கடத்தி, வெளித்தகடுகளிலிருந்து கதிர்வீச்சாகத்தான் வெளியேற்ற முடியும்.

கடைசியாக, நம்முடைய மங்கள்யானையே எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலி மாவட்டத்துக்காரரான சுப்பையா அருணன் அதன் திட்ட இயக்குநர். 2013 நவம்பரில் கிளம்பி 2014 செப்டம்பரில் செவ்வாயின் சுற்றுப்பாதையில் நுழைந்தது. கலம் திரும்பி நிற்பதற்காக மோட்டாரில் சுழலும் நான்கு சக்கரங்கள் அதில் இருந்தன. 2022 ஏப்ரலில் நீண்ட கிரகணம் ஒன்றை அடுத்துத் தொடர்பு அறுந்தது. எரிபொருள் தீர்ந்து, வேண்டிய திசையில் நிற்க முடியாமல், மின்னாக்கம் தடைப்பட்டிருக்கும் என்று இஸ்ரோ முடிவுக்கு வந்தது. சுழலும் சக்கரம் நான்கு, சுற்றிலும் வெற்றிடம், எடையே இல்லாத நிலை: 'சும்மா வரும் கரண்ட்'டுக்குச் சொல்லப்படும் எல்லாமே அங்கே இருந்தன. இருந்தும் அந்தக் கலத்துக்கு மின்சாரம் கிடைக்க அதன் தகடுகள் சூரியனைப் பார்த்திருக்க வேண்டும்.