அந்த 200-ஐ நம்பாதீர்கள்

"பிசி547 டிரான்சிஸ்டரின் மின்னோட்டப் பெருக்கம் 200, அதை வைத்தே பேஸ் ரெசிஸ்டரைக் கணக்கிடலாம்" என்கிறார் சுங்கை ஊடாங் நண்பர். ஒப்ப மாட்டேன். தயாரிப்பாளரின் தரவுத்தாளே 110 முதல் 800 வரை என்கிறதே!

12 வோல்ட், 400 ஓம் ரிலேக்கு 30 மில்லியாம்பியர் வேண்டும். 5 வோல்ட் சிக்னலில் அவர் கணக்குப்படி பேஸ் ரெசிஸ்டர் சுமார் 27 கிலோ ஓம் வரும். கையில் கிடைப்பது 110 பெருக்கமுள்ளதாக இருந்தால் ரிலேக்குப் போவது 17 மில்லியாம்பியர்தான். சுருளில் 7 வோல்ட். பெரும்பாலான ரிலேக்கள் இழுக்காது. மீதி 5 வோல்ட் டிரான்சிஸ்டரைச் சூடாக்கும்.

டிரான்சிஸ்டரைச் சுவிட்சாகப் பயன்படுத்தும்போது பெருக்கம் 10 என்றே கொள்ளுங்கள். பேஸுக்கு 3 மில்லியாம்பியர், 0.7 வோல்ட் கழித்தால் 1.4 கிலோ. கடையில் 1.2 கிலோ கேளுங்கள். 1970-களிலிருந்தே செமிகண்டக்டர் ஆலைகள் நடக்கும் மலாக்காவில் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்குத் தவறான கணக்கைச் சொல்லிக் கொடுக்காதீர்கள்.