முள்ளம்பன்றி வளர்த்தால் ஜெயிலா?

இந்தோனேசியாவின் பாலித் தீவில் ஒருவருடைய மாமனார், வயலில் கிடைத்த இரண்டு முள்ளம்பன்றிக் குட்டிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். மருமகனும் ஆசையாக வளர்த்தார். இரண்டு நான்காயின. பிறகு ஒருநாள் போலீஸ் வந்தது!

அவர் வளர்த்தது ஜாவா முள்ளம்பன்றி. ஜாவா, பாலி, லொம்போக், புளோரஸ் போன்ற இந்தோனேசியத் தீவுகளைத் தவிர உலகில் வேறெங்கும் இயற்கையாக இல்லாத இனம். உள்ளூர்ப் பெயர் 'லண்டாக்'. நம் மொழியில் 'பன்றி' என்று சேர்த்துவிட்டோம். உண்மையில் இது எலி, அணிலுக்குச் சொந்தம்.

பகலில் வளையில் தூக்கம், இரவில் மேய்ச்சல். கிழங்கு, வேர், உதிர்ந்த பழம் எதையும் விடாது. முள் என்பது தடித்த முடிதான். நம் நகத்தில் இருக்கிற அதே கெரட்டின். அம்பு மாதிரி எய்யும் என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சொல்வார்களே, அது கதை. எதிரி வந்தால் முதலில் வால் முட்களைக் கலகலவென்று ஆட்டி எச்சரிக்கும். கேட்காவிட்டால் பின்பக்கமாகப் பாய்ந்து குத்தும். சட்டென்று கழன்று வரும் முள் எதிரியின் உடம்பிலேயே தங்கிவிடும்.

சிறுத்தையே யோசிக்கும் இந்த ஆயுதம் மனிதனிடம் எடுபடவில்லை. மரவள்ளித் தோட்டத்தை நாசமாக்குகிறது என்று விவசாயிகளுக்குக் கோபம். மத்திய ஜாவாவில் 'சாத்தே லண்டாக்' என்று குச்சியில் குத்திச் சுட்டே விற்கிறார்கள். 2018-ல்தான் அரசு இதைப் பாதுகாக்கப்பட்ட விலங்குகள் பட்டியலில் சேர்த்தது. அப்போதைய சட்டப்படி, அனுமதியில்லாமல் வைத்திருந்தால் 5 ஆண்டு வரை சிறை என்று இருந்தது.

பாலிக்காரருக்கு அந்தப் பட்டியலே தெரியாது. கொல்லவில்லை, விற்கவில்லை, ஆனாலும் காவலில் வைத்தார்கள். 2024 செப்டம்பரில் வழக்கு நாடு முழுக்கப் பேச்சானது. சாத்தே சாப்பிடுகிறவர்கள் நிம்மதியாக இருக்க, சோறு போட்டவருக்கு ஜெயிலா என்று ஜனங்கள் கொதித்தார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றியது. ஆனால் 'தெரியாது' என்று சொன்னால் விட்டுவிடலாம் என்றால், நாளைக்கு வேட்டைக்காரனும் அதையேதானே சொல்வான்?

கடைசியில் அரசு வக்கீலே விடுதலை கேட்டார். நீதிமன்றமும் விடுவித்தது. அவர் வீட்டுக்குப் போனார். நான்கு லண்டாக்குகளும் அவரோடு போகவில்லை. வனவிலங்கு அதிகாரிகள் பொறுப்புக்குப் போய்விட்டன.