இரமாபாயும் ஒரு விடுப்புக் கடிதமும்

புனேயிலிருந்து தவுண்டு செல்லும் இருப்புப்பாதையில், உருளி, யவத் நிலையங்களுக்கு அப்பால், சுமார் 60 கிலோமீட்டர் தொலைவில் கேட்காவ் என்றொரு சிறிய நிலையம் உண்டு. ஊருக்குப் போகும்போது நம் குடும்பங்கள் அதனைப் பலமுறை கடந்திருக்கும். பெயர்ப்பலகையைக் கவனித்தவர் சிலரே. பண்டிதை இரமாபாய் நிறுவிய முக்தி மிஷன் அவ்வூரில்தான் இருக்கிறது.

இத்திங்கள் பாவ மன்னிப்பைப் பற்றி எழுதப்போகிறேன் என்றதும், நண்பர் ஒருவர், “அது உங்கள் தேவாலயத்து விஷயமாயிற்றே!” என்றார். இருக்கலாம். ஆனால் பிறருக்குத் தீங்கு செய்துவிட்டு உறக்கமின்றிப் புரளும் இரவு எந்தச் சமயத்தாருக்குத்தான் இல்லை?

1858-இல் பிறந்த இரமாபாய், வடமொழியில் பெரும் புலமை பெற்றவர். பெற்றோருடன் தலந்தோறும் நடந்து புராணம் வாசித்தவர். பஞ்சத்தில் அவர்களை இழந்தவர். மணமாகி இரண்டே ஆண்டுகளில் கணவரையும் இழந்து, கைக்குழந்தையுடன் 1882-இல் புனேக்கு வந்தார். மறு ஆண்டு இங்கிலாந்து சென்றார். அங்கே, இலண்டனின் புல்ஹாம் பகுதியில், நெறி தவறிய பெண்களைக் கன்னியர்கள் அன்போடு பேணும் இல்லமொன்றைக் கண்டு வியப்புற்றார். ‘இப்பெண்களிடம் இவர்களுக்கு ஏன் இத்துணைப் பரிவு?’ என்று வினவியபோது, கிணற்றடியில் சமாரியப் பெண்ணோடு இயேசு பேசிய வரலாற்றை எடுத்துக் கூறினார்கள். 1883 செப்டம்பர் 29-ஆம் நாள் ஞானஸ்நானம் பெற்றார்.

கதை இத்துடன் முடிந்திருந்தால் நான் எழுத வந்திருக்கமாட்டேன். ஞானஸ்நானம் பெற்று எட்டு ஆண்டுகள் சென்ற பின்னரே, தாம் ஏற்றது ஒரு சமயத்தைத்தான், கிறிஸ்துவையன்று என்று உணர்ந்ததாக அவரே பிற்காலத்தில் எழுதினார். அதற்குள் அவர் அமெரிக்கா சென்று நூல் எழுதியிருந்தார். 1889-இல் பம்பாயில் விதவையருக்காகச் சாரதா சதனம் தொடங்கி, அடுத்த ஆண்டு அதனைப் புனேக்குக் கொண்டுவந்திருந்தார். ஊரார் கண்ணுக்கு அவர் நிறைந்த கிறிஸ்தவர். ஹாஸ்லம் என்ற ஆங்கிலேய போதகரின் தன்வரலாற்றை வாசித்தபோதுதான் அவருக்கு உறுத்தியது. அந்த மனிதர் போதகராக இருந்துகொண்டே மனந்திரும்பாதவராய் வாழ்ந்தவராம். அத்துணைத் தொண்டு செய்த அம்மையாருக்கே எட்டு ஆண்டுகள் என்றால், தாத்தா காலத்து ஞானஸ்நானச் சீட்டைப் பெட்டியில் வைத்திருக்கும் என் போன்றோர் நிலை என்ன?

பின்னர் 1905 வந்தது. கேட்காவில் பஞ்சத்திலிருந்து மீட்கப்பட்ட பெண்கள் நூற்றுக்கணக்கில் இருந்தனர். ஆண்டின் தொடக்கம் முதலே அவர்களில் பலர் நாள்தோறும் கூடி ஜெபித்துவந்தார்கள். ஜூன் மாத இறுதியில் இரமாபாய் யோவான் எட்டாம் அதிகாரத்தை அமைதியாக விளக்கிக்கொண்டிருக்கையில், பெண்கள் வாய்விட்டழுது தத்தம் பாவங்களை அறிக்கையிடலானார்கள். 1860-இல் ஜான் கிறிஸ்தியான் அருளப்பன் காலத்தில் திருநெல்வேலிப் பகுதியில் எழுந்த எழுப்புதலிலும் இத்தகைய அழுகையும் அறிக்கையும் இருந்தன. இவற்றை வெறும் உணர்ச்சிப் பெருக்கு என்பாரும் உளர். எனக்கு அப்படித் தோன்றவில்லை. எல்லாருடனும் சேர்ந்து பொதுவான பாவ அறிக்கையை ஓதுவது எளிது. ஐம்பது குரல்களின் நடுவே என் குரல் மறைந்துகொள்ளும். ‘நான் இன்னது செய்தேன்’ என்று தனித்துச் சொல்வதுதான் கடினம். அதனை நான் அறிவேன்.

நான் ரயில்வே எழுத்தன். இரண்டு ஆண்டுகளுக்கு முன், பாதை பராமரிக்கும் தொழிலாளர் ஒருவர், மனைவிக்கு உடல்நலமில்லை என்று நான்கு நாள் விடுப்புக் கடிதத்தை என் கையில் கொடுத்துச் சென்றார். அதை எங்கோ வைத்துவிட்டேன். அதிகாரி கேட்டபோது, கடிதம் வரவேயில்லை என்றேன். அவருக்கு நான்கு நாள் சம்பளம் போயிற்று. சொல்லாமல் நின்றவர் என்ற குறிப்பும் ஏறிற்று. சில மாதங்கள் சென்று பழைய பதிவேட்டின் இடையே அக்கடிதம் அகப்பட்டது. கிழித்துக் கூடையில் போட்டேன்.

அதன்பின் எத்தனையோ ஞாயிற்றுக்கிழமைகளில் மன்னிப்புக் கேட்டேன், ஆண்டவரிடம் மட்டும். பலிபீடத்தில் காணிக்கை வைக்கும்போது சகோதரனுக்கு உன்மேல் குறை உண்டென்று நினைவு வந்தால், காணிக்கையை அங்கேயே விட்டு முதலில் அவனிடம் போ என்பது மத்தேயு ஐந்தாம் அதிகாரத்தின் போதனை. அப்பகுதியை விரைந்து வாசித்துக் கடந்துவிடுவது என் வழக்கமாயிற்று.

சென்ற மாதம் முக்தி மிஷனுக்குச் சென்று திரும்பினேன். மறுநாள் அவரைத் தேடிப் போனேன். “காகா, உங்கள் கடிதம் என்னிடம் வந்தது. நான் பொய் சொன்னேன். கடிதம் கிடைத்தபின் கிழித்தும்விட்டேன்” என்று சொல்லி, நான்கு நாள் கூலியை நீட்டினேன். அவர் எண்ணிப் பார்த்து வாங்கிக்கொண்டார். நெடுநேரம் பேசவில்லை.

பின்பு, “சாகேப், அது என் மகள் எழுதிய கடிதம். நான் வழியில் தொலைத்துவிட்டதாக அவள் இன்றும் என்னைத்தான் கடிந்துகொள்கிறாள். பணத்தை விடுங்கள். வீட்டுக்கு வந்து அவளிடம் சொல்லுங்கள். காகிதத்திலும் எழுதிக் கொடுங்கள்” என்றார்.

நடந்ததை அன்று மாலையே அதிகாரிக்கு எழுதிக் கொடுத்தேன். ஞாயிறன்று ஆராதனை முடிந்ததும் அவர் வீட்டுக்குச் சென்றேன். அந்தப் பெண் கதவருகே நின்று முழுவதையும் கேட்டாள். என்னிடம் ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே சென்று தந்தைக்குத் தேநீர் கொண்டுவந்தாள். சற்றுப் பொறுத்து எனக்கும் ஒரு கோப்பை வந்தது. அலுவலகத்திலிருந்து விடை இன்னும் வரவில்லை.