எந்தக் கோல்? – திருப்பதிக் கல்வெட்டு நில அளவைகளும் ஏக்கர்க் கணக்கும்

முன்னுரை

தமிழகக் கோயிற் கல்வெட்டுகள் நிலக்கொடையைக் குழி, மா, வேலி என்னும் அளவுகளால் குறிக்கின்றன. இவ்வளவுகளை இன்றைய ஏக்கராகவும் எக்டேராகவும் மாற்றித் தருவது ஆய்வேடுகளில் நிலைபெற்ற வழக்கமாகிவிட்டது. ஆய்வேட்டின் இறுதியில் அளவை வாய்பாடு ஒன்று பின்னிணைப்பாக அமையும். ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா, இருபது மா ஒரு வேலி என்பது அவ்வாய்பாடு. ஆறாம் நூற்றாண்டுக் கல்வெட்டாயினும் பதினாறாம் நூற்றாண்டுக் கல்வெட்டாயினும், தஞ்சையாயினும் திருவேங்கடமாயினும், அந்த ஒரே வாய்பாடு கொண்டே எல்லாக் கொடைகளும் அளக்கப்படுகின்றன. இவ்வழக்கம் பிழையானது என்பதும், இதனால் பெறப்படும் எண்கள் வரலாற்றுச் சான்றுகளாகக் கொள்ளத்தக்கன அல்ல என்பதும், திருப்பதிக் கல்வெட்டு ஒன்றை முன்வைத்து ஈண்டு நிறுவப்படுகின்றன.

திருவேங்கடக் கோட்டமும் தமிழ்க் கல்வெட்டுகளும்

திருமலை, திருப்பதி, திருச்சானூர் ஆகிய ஊர்கள் பண்டு தொண்டை மண்டலத்துத் திருவேங்கடக் கோட்டத்தைச் சார்ந்தவை. 1911இல் உருவான சித்தூர் மாவட்டத்தில் அடங்கியிருந்த இப்பகுதி, 2022இல் திருப்பதி மாவட்டம் எனத் தனியே பிரிக்கப்பட்டது. திருமலை-திருப்பதி தேவஸ்தானம் 1930களில் வெளியிட்ட கல்வெட்டுத் தொகுதிகளில் இடம்பெற்றவற்றுள் பெரும்பாலானவை தமிழ்க் கல்வெட்டுகளே என்பது அறிஞர் அறிந்ததாகும்.

இவற்றுள் பழமையும் சிறப்பும் வாய்ந்தவை சாமவை என்னும் காடவன் பெருந்தேவியின் கொடைகளைக் கூறுவன. பல்லவர் குடியிற் பிறந்த இப்பெண்மணி திருவேங்கடமுடையானுக்கு வெள்ளித் திருமேனி ஒன்றை எழுந்தருளுவித்தார். போக சீனிவாசர் என இன்று வழங்கப்பெறும் அத்திருமேனிக்குரிய வழிபாட்டிற்கும் விழாவிற்கும் நிலமும் வழங்கினார். இக்கொடையின் காலத்தை 966 எனக் கொள்வது பெருவழக்கு. கோயில் வரலாற்றைக் கூறும் நூல்களும் கையேடுகளும் இவர் அளித்த நிலங்களைப் பத்து ஏக்கர் எனவும் பதின்மூன்று ஏக்கர் எனவும் குறிப்பிடுகின்றன. ஆனால் கல்வெட்டில் ஏக்கர் இல்லை, குழியே உள்ளது. குழி எவ்வாறு ஏக்கராயிற்று என்பதை இவ்வெண்களை எடுத்தாள்வோர் விளக்குவதில்லை.

கோலும் குழியும்

குழி என்பது தனித்து நிற்கும் அளவன்று. ஒரு கோல் நீளமும் ஒரு கோல் அகலமும் உடைய சதுரமே ஒரு குழி. ஆகவே கோலின் நீளம் அறியப்படாதவரை குழியின் பரப்பை அறிதல் இயலாது. கோலோ ஒன்றன்று. பன்னிரு சாண் கோல், பதினாறு சாண் கோல், பதினெண் சாண் கோல் எனப் பல கோல்கள் கல்வெட்டுகளில் பயின்று வருகின்றன. அரண்மனையின் பெயராலும், கோயிலின் பெயராலும், ஊரின் பெயராலும் வழங்கிய கோல்களும் உண்டு.

நீளத்தில் நேரும் வேறுபாடு பரப்பில் இருமடித்துப் பெருகும் என்பது ஈண்டு மறக்கலாகாதது. பன்னிரு சாண் கோலைக் காட்டிலும் பதினெண் சாண் கோல் ஒன்றரை மடங்கு நீளமுடையது. ஆயின் அதனால் அளந்த குழியோ இரண்டேகால் மடங்கு பரப்புடையது. கோலின் பெயரைக் கூறாமல் குழியின் எண்ணிக்கையை மட்டும் கூறுவது, நாணயத்தின் பெயரைக் கூறாமல் விலையை மட்டும் கூறுவதை ஒக்கும்.

4176 குழியின் பரப்பு

சாமவையின் கொடைகளுள் ஒன்று 4176 குழி நிலமாகும். திருச்சுகனூர் என வழங்கிய இன்றைய திருச்சானூரின் சபையாரோடு தொடர்புடையது இது. இவ்வொரு கொடையை வெவ்வேறு கோல்களால் கணக்கிட்டுப் பார்த்தல் தகும்.

ஒரு சாண் ஒன்பது அங்குலம் எனக் கொள்வோம். பதினாறு சாண் கோல் பன்னிரண்டு அடியாகும்; குழி 144 சதுர அடியாகும்; 4176 குழி 13.80 ஏக்கராகும். பன்னிரு சாண் கோலாயின் கோல் ஒன்பது அடி, குழி 81 சதுர அடி. அதே நிலம் 7.77 ஏக்கராகச் சுருங்கும். பதினெண் சாண் கோலாயின் கோல் பதின்மூன்றரை அடி, நிலம் 17.47 ஏக்கராக விரியும். இனிச் சாணின் அளவையே ஐயுற்று, அதனை எட்டு அங்குலம் எனக் கொண்டால், பதினாறு சாண் கோலாலும் கிடைப்பது 10.91 ஏக்கரே.

ஒரே கல்வெட்டின் ஒரே எண் 7.77 ஏக்கர் முதல் 17.47 ஏக்கர் வரை எப்பரப்பையும் குறிக்கக்கூடும் என்பது இதனாற் பெறப்படும். நூல்களில் வழங்கும் பதின்மூன்று என்னும் எண், 144 சதுர அடிக் குழி கொண்டு கணக்கிட்டுப் பின்னத்தை விடுத்ததனால் வந்தது எனக் கருத இடமுண்டு. அவ்வாறாயின், தான் மேற்கொண்ட அளவின்படியே அது பதினான்கு எனப்பட்டிருத்தல் வேண்டும். இத்தகைய ஓர் எண்ணே பிழையற்ற சான்றுபோல நூலுக்கு நூல் பெயர்ந்து வருகிறது.

இதனால் விளையும் தீங்கு சிறிதன்று. அரசகுலப் பெண்டிர் எத்துணைச் செல்வத்தைத் தம் விருப்பப்படி வழங்க வல்லவராயிருந்தனர், ஒரு விழாவிற்கு எவ்வளவு நிலத்தின் வருவாய் தேவைப்பட்டது, நிலத்தின் விலையும் வரியும் எவ்வாறு அமைந்தன என்னும் வினாக்களுக்கெல்லாம் இவ்வெண்களே அடிப்படையாகின்றன. அடிப்படை இருமடங்குக்கு மேல் பிறழக்கூடியதாயின், அதன்மேல் எழுப்பப்படும் ஒப்பீடுகளும் பிறழும். ஏழே முக்கால் ஏக்கர் அளித்தவரும் பதினேழரை ஏக்கர் அளித்தவரும் ஒரே தரத்துக் கொடையாளர் ஆகார்.

மாவும் காணியும் காதமும்

குழியோடு இச்சிக்கல் முடிவதில்லை. நூறு குழி ஒரு மா என்பது பிற்காலத் தஞ்சை வழக்கு. 256 குழி கொண்ட மா சோழர் கல்வெட்டுகளில் காணப்படுகிறது. 128 குழி கொண்ட மாவும் உண்டு. இருபது மா ஒரு வேலியாதலின், 144 சதுர அடிக் குழியையே ஏற்றுக்கொண்டாலும், முதல் வழக்கின்படி வேலி 6.61 ஏக்கராகவும் இரண்டாம் வழக்கின்படி 16.93 ஏக்கராகவும் அமையும். காணி என்னும் சொல் கல்வெட்டுகளில் எண்பதில் ஒரு பங்கையும், வழிவழி வந்த நில உரிமையையும் குறிக்கும். ஆங்கிலேயர் ஆட்சிக்கால வருவாய்க் கணக்கிலோ அது 1.32 ஏக்கர் நிலத்தைக் குறித்தது. பின்னதன் பொருளை முன்னதன்மேல் ஏற்றுவது சொல்லின் வரலாற்றை அறியாமையாகும்.

நெடுந்தொலைவு அளவையிலும் இதுவே நிலை. கணக்கு நூல் வழக்குகளுள் ஒன்றின்படி நான்கு முழம் ஒரு கோல், 500 கோல் ஒரு கூப்பிடு, நான்கு கூப்பிடு ஒரு காதம். முழம் பதினெட்டு அங்குலமாயின் காதம் 3.66 கிலோமீட்டர் ஆகும். ஆங்கிலேயர் காலச் சொற்பொருள் விளக்கங்களோ காதத்தை ஏறத்தாழப் பத்து மைல், அஃதாவது 16 கிலோமீட்டர் என்கின்றன. காளத்திக்கும் திருப்பதிக்கும் இடைப்பட்ட தொலைவு ஏறத்தாழ 36 கிலோமீட்டர். முன்னைய வாய்பாட்டின்படி அது பத்துக் காதம். பின்னைய விளக்கத்தின்படி இரண்டேகால் காதம். எதனைக் கொள்வது என்பதை ஆராயாமல் பழம்பனுவல்களின் காதத்தை மைலாக மாற்றுவோர் நான்கு மடங்குக்கு மேல் பிழைபட இடமுண்டு.

பண்டையோரின் அளவுணர்வு

பழைய அளவுகள் ஆளுக்கு ஆள் மாறுவன, செம்மையற்றன, ஆதலின் அவற்றில் நுணுக்கம் தேடுதல் வீண் என்று கூறுவாரும் உளர். இக்கூற்று கல்வெட்டுகளை அறியாதார் கூற்றாகும். தஞ்சைப் பெருவுடையார் கோயிற் கல்வெட்டுகள், செப்புத் திருமேனிகளின் உயரத்தைக் கூறுமிடத்து, அக்கோயிலில் வைத்திருந்த முழத்தால் அளந்தது எனத் தெளிவுபடக் குறிக்கின்றன. பொன்னின் நிறையைக் கூறுமிடத்தும் ஆடவல்லான் என்னும் பெயருடைய கல்லால் நிறுத்தது என்கின்றன. எத்தனை என்பதோடு எதனால் அளந்தது என்பதையும் அவர்கள் பொறித்துவைத்தனர். முதலாம் இராசராசன் 1001இல் நாட்டை அளப்பித்தான்; முதலாம் குலோத்துங்கன் 1086இல் மீண்டும் அளப்பித்தான். தஞ்சைக் கல்வெட்டுகளில் வேலியின் மிக நுண்ணிய கீழ்ப்பின்னங்கள் வரை நிலம் கணக்கிடப்பட்டுள்ளமை அவர்தம் நுணுக்கத்திற்குச் சான்றாகும். கோயில்களின் அடித்தளத்திலும் சுவரிலும் அளவுகோலின் நீளத்தைக் கோடாகப் பொறித்து, இரு முனைகளிலும் குறியிட்டு வைத்ததும் இதன்பொருட்டே.

1802இல் சென்னைப் பரங்கிமலைக்கு அருகில் அடிக்கோடு அளந்து நில அளவையைத் தொடங்கிய லாம்டன், தம் எஃகுச் சங்கிலி வெப்பத்தால் நீளுவதையும் கணக்கிற் கொண்டார். அளக்கும் கருவியை முதலில் அளத்தல் வேண்டும் என்னும் அறிவு கல்வெட்டு வெட்டியவர்க்கும் இருந்தது, லாம்டனுக்கும் இருந்தது. இடையில் அதனைக் கைவிட்டது பின்னிணைப்பு வாய்பாடே.

தடைகளும் விடைகளும்

குலோத்துங்கன் காலத்தில் பதினாறு சாண் கோல் உலகளந்த கோலாக நிலைபெற்றதாதலின் 144 சதுர அடி பொருந்தும் என்பர். குலோத்துங்கனின் அளவீடு சாமவையின் கொடைக்கு நூற்றிருபது ஆண்டு பிற்பட்டது. அன்றியும் பதினாறு சாண் கோல் பன்னிரண்டு அடியாவது, சாண் ஒன்பது அங்குலம் எனக் கொண்டால் மட்டுமே. அரசன் அளந்தபின்னும் ஊர்க்கோல்கள் மறைந்துபோகவில்லை. ஆகவே சோழ மண்டலத்துப் பதினோராம் நூற்றாண்டு வழக்கைத் தொண்டை மண்டலத்துப் பத்தாம் நூற்றாண்டின்மேல் ஏற்றுதல் முறையாகாது.

இன்றைய வாசகர்க்குக் குழி விளங்காது. ஏறத்தாழவேனும் ஓர் ஏக்கர்க் கணக்கு வேண்டும் என்பது மற்றொரு தடை. இது நியாயமே. மாற்றுதல் கூடாது என்பது ஈண்டு வாதமன்று; கோலைக் கூறாது மாற்றுதல் கூடாது என்பதே வாதம். ஏறத்தாழ என்னும் சொல் நூற்றுக்கு ஐந்து, பத்து விழுக்காட்டுப் பிழையைப் பொறுக்கும். இருமடங்குப் பிழையை அது பொறுக்காது.

செய்யத்தக்கன

அளவு மாற்றம் செய்வோர் சில நெறிகளைக் கைக்கொள்ளுதல் வேண்டும். முதலாவது, கல்வெட்டின் மூல அளவை முன்னிறுத்தி, மாற்றப்பட்ட அளவை அதன்பின் தருதல். இரண்டாவது, கல்வெட்டு மூலத்தைத் திறந்து, குழி என்னும் சொல்லுக்கு முன்னும் பின்னும் கோலைக் குறிக்கும் தொடர் உளதா எனத் தேடுதல். இல்லையாயின் அதே ஊரின், அதே நூற்றாண்டின் பிற கல்வெட்டுகளைத் துணைக்கொள்ளுதல். மூன்றாவது, கோல் அறியப்படாவிடத்து ஓர் எண்ணைத் தராது, இன்ன கோலாயின் இவ்வளவு எனக் கீழெல்லையும் மேலெல்லையும் தருதல். நான்காவது, பொறிக்கப்பட்ட அளவுகோல்களை நேரிற் கண்டு அளந்து, ஊர்வாரியாகத் தொகுத்தல்.

இறுதியாகக் கூறியது திருப்பதி, சித்தூர் வட்டாரத்திற்குப் பெரிதும் வேண்டப்படுவது. திருச்சானூரை அடுத்த யோகி மல்லவரம், குடிமல்லம், காளத்தி, தொண்டமனாடு ஆகிய ஊர்க் கோயில்களில் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. மாநில எல்லை காரணமாகத் தமிழாய்வாளர் இவ்வூர்களைக் கடந்து செல்வதும், எழுத்துக் காரணமாகத் தெலுங்கு ஆய்வாளர் மொழிபெயர்ப்பையே நம்புவதும் தவிர்க்கப்படல் வேண்டும். இரு மொழித் துறையினரும் ஒருங்கிணைந்து செய்யத்தக்க பணி இது. அடிக்கோலும் ஏடும் கொண்டு செல்லும் ஆய்வு மாணவர் சிலர் இதனைத் தொடங்கிவைக்க இயலும்.

முடிவுரை

சாமவை அளித்த நிலம் பதின்மூன்று ஏக்கர் என்பது கல்வெட்டுச் செய்தியன்று. 4176 குழி என்பதே கல்வெட்டுச் செய்தி. முன்னது பிற்கால வாய்பாடு ஒன்றினால் விளைந்த கருத்து. கருத்தைச் செய்தியாக எழுதுதல் ஆய்வாகாது. கோல் எதுவென அறியப்படும்வரை அந்நிலத்தைக் குழியாகவே குறித்து, பரப்பைக் கூற நேருமிடத்து 7.77 முதல் 17.47 ஏக்கர் வரை எனக் காரணத்தோடு கூறுதலே தக்கது. அவ்வாறு எழுதப்படும் ஆய்வேட்டில் எண் உறுதி குறைந்து தோன்றலாம். எனினும் அவ்வெண்ணை நம்பி அடுத்து வருவோர் வழிதவறார்.