கிற்றாருக்கு ஏற்ற அம்பிளிபயர்

சென்ற வாரம் வகுப்பு முடிந்ததும் மாணவன் ஒருவன் என் மேசையருகே தயங்கி நின்றான். ஹட்டனுக்கு அண்மையிலுள்ள தோட்டமொன்றிலிருந்து வருபவன். கொழும்பிலே தொழில் பார்க்கும் அவனுடைய அண்ணன் நைலோன் நரம்புகள் பூட்டிய மின்சாரக் கிற்றார் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறான்.

"சேர், இதற்கு அம்பிளிபயர் வேண்டும். அம்மா சீட்டுப் பணத்தைத் தருவதாகச் சொல்லியிருக்கிறார். கடையில் பெரிய பெட்டி ஒன்றைக் காட்டுகிறார்கள். வாங்கலாமா?" என்று கேட்டான்.

கொழுந்து பறித்துச் சேர்த்த பணம் அது. முன்னொரு முறை நான் செய்த தவறு உடனே என் நினைவுக்கு வந்தது. கலைவிழா ஒன்றிற்காக, இத்தகைய கிற்றாருக்கு, கண்ணைக் கவர்ந்த பெரிய அம்பிளிபயர் ஒன்றை வாங்கிவிட்டேன். மேடையிலே சத்தம் பிறந்தது. ஆனால் நாதம் பிறக்கவில்லை. பானைக்குள்ளிருந்து பேசுவது போலக் கேட்டது.

அதன் காரணத்தைப் பின்னரே அறிந்தேன். சாதாரண மின்சாரக் கிற்றாரில் உருக்குக் கம்பிகள் உண்டு. அவற்றின் அசைவைக் காந்தச் சுருள் மின்சாரமாக மாற்றுகிறது. நைலோனோ காந்தத்திற்கு அசைந்து கொடுக்காது. ஆதலால் நைலோன் கிற்றாரில் பெரும்பாலும் குதிரையின் அடியில், அழுத்தினால் மின்சாரம் தரும் பளிங்குத் துண்டுகளை வைப்பர். இத்தன்மையை 1880ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துக் கியூரி சகோதரர்கள் கண்டறிந்தனர். கிப்சன் நிறுவனம் செற் அற்கின்ஸ் என்னும் புகழ்பெற்ற கலைஞரின் பெயரால் 1982இல் வெளியிட்ட நைலோன் கிற்றாரும் இம்முறையைக் கையாண்டதே.

மின்சாரக் கிற்றாருக்கென அமைந்த அம்பிளிபயரின் ஸ்பீக்கர், செக்கனுக்கு ஏறத்தாழ 5,000 அதிர்வுகளுக்கு மேற்பட்ட நாதத்தைப் பெரிதும் அடக்கிவிடும். உருக்குக் கம்பியின் கூர்மையைத் தணிப்பதால் அங்கே அது குணமாகும். நைலோனுக்கோ அதுவே குற்றம். நகம் நரம்பைத் தீண்டும் அந்த நுண்ணிய ஓசை மறைந்துபோகும். எனவே பெரிய ஸ்பீக்கரோடு உச்ச ஓசைக்கெனச் சிறிய ஸ்பீக்கரும் சேர்ந்துள்ள, 'அக்கூஸ்டிக்' கிற்றாருக்குரிய அம்பிளிபயரே தக்கது. கீபோட் வாத்தியத்திற்கென விற்கப்படுவதும் பெரும்பாலும் பொருந்தும்.

இனி வலிமையைப் பற்றிச் சிறிது. வோட் இரட்டித்தால் ஓசையும் இரட்டிக்கும் என்று எண்ணுவோர் பலர். உண்மையில் 3 டெசிபல் மட்டுமே கூடும். காதுக்கு இருமடங்காகத் தோன்ற ஏறக்குறைய பத்து மடங்கு வலிமை வேண்டும். லயன் வீட்டிலே ஒரு சுவருக்கு அப்பால் அயல்வீட்டுப் பிள்ளை பரீட்சைக்குப் படித்துக்கொண்டிருக்கும். வீட்டுப் பயிற்சிக்கு 15 முதல் 30 வோட் வரை தாராளமாகப் போதும். பெரிய மண்டபத்திலே வாசிக்க நேர்ந்தால் அங்குள்ள ஒலிபெருக்கியோடு இணைத்துக்கொள்ளலாம். கிற்றாரின் வயிறு குடைந்ததாயின் அம்பிளிபயருக்கு நேர் எதிரே நிற்கலாகாது. நின்றால் 'கூ' என்று ஊளையிடும்.

மற்றொன்று, உயிரைப் பற்றியது. நம் நாட்டு மின்சாரம் 230 வோல்ட். யப்பானிலிருந்து வரும் பழைய பெட்டிகளுட் பல 100 வோல்ட்டுக்கு உரியவை. தக்க மாற்றி இல்லாமல் அவற்றைச் செருகினால் எரிந்துபோகும். வீட்டு இணைப்பில் 'ஏர்த்' கம்பி சரியாக உள்ளதா என்பதைத் தேர்ந்த மின்தொழிலாளியைக் கொண்டு பார்ப்பித்தல் அவசியம். சித்திரையிலும் ஐப்பசியிலும் மலையகத்தில் இடிமின்னல் மிகுதி. வானம் முழங்கத் தொடங்குமுன்னரே பிளக்கைக் கழற்றிவிட வேண்டும்.

சனிக்கிழமை நாங்கள் இருவரும் கடைக்குச் சென்றோம். கிற்றாரையும் கையோடு கொண்டுவரச் செய்திருந்தேன். முதலிற் பெரிய பெட்டியிலும், பின் மூலையில் இருந்த 'அக்கூஸ்டிக்' வகைச் சிறிய பெட்டியிலும் இணைத்து ஒரே மெட்டை மெதுவாக வாசித்தான். இரண்டாவது முறை வாசிக்கையிலே அவன் முகம் மலர்ந்தது.

"இதுதான் என் கிற்றார் மாதிரிக் கேட்கிறது, சேர்" என்றான்.

விலையும் குறைவே. மீதிப் பணத்தை எண்ணி மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான். அம்மாவிடம் திருப்பிக் கொடுக்க வேண்டுமாம்.

வாத்தியம் வாங்க விரும்பும் மாணவர்களுக்கு நான் கூறுவது இதுவே: விலைச்சீட்டைப் பார்க்குமுன் காதைக் கேளுங்கள்.