குளிருக்காக வந்த வெப்ப மீட்பு மெஷின்: கோடையில் வீட்டைச் சூடாக்குமா?

2022 ஜூலை 19 அன்று இங்கிலாந்தின் கோனிங்ஸ்பியில் 40.3 டிகிரி செல்சியஸ் பதிவானது. பிரிட்டன் 40 டிகிரியைத் தாண்டியது அன்றுதான் முதல் முறை. குளிரை மட்டுமே மனதில் வைத்துக் கட்டிய வீடுகள் இனி என்ன ஆகும்? இந்தக் கேள்வியில் சிக்கியிருப்பது 'வெப்ப மீட்பு' காற்றோட்டக் கருவி.

இது எப்படி வேலை செய்கிறது?

சமையலறை, குளியலறையில் இருந்து வெளியேறும் சூடான காற்று, உள்ளே வரும் குளிர்ந்த காற்றுக்குத் தன் வெப்பத்தைக் கொடுத்துவிட்டுப் போகும். இரண்டும் கலக்காது. நடுவில் மெல்லிய தகடுகள், அவ்வளவுதான்.

குளிர்காலம் சூடானால் என்ன?

வீட்டுக்குள் 20 டிகிரி, வெளியே 0 டிகிரி, கருவியின் திறன் 80% என்று வைத்துக்கொள்வோம். உள்ளே வரும் காற்று 16 டிகிரிக்கு ஏறிவிடும். வெளியே 5 டிகிரி என்றால், மீட்கப்படுவது 12 டிகிரிதான். அதாவது லாபத்தில் கால் பங்கு அவுட்! ஆனா ஃபேன் ஓடும் கரண்ட் செலவு குறையாது.

கோடையில்தான் சிக்கல்

இரவில் வெளியே 18 டிகிரி, வீட்டுக்குள் 26 டிகிரி. அப்போதும் கருவி வெப்பத்தை மீட்டால், குளிர்ந்த காற்று 24 டிகிரியைத் தாண்டித்தான் உள்ளே வரும். இதைத் தவிர்க்கத்தான் 'பைபாஸ்' வழி. காற்று தகடுகளைத் தொடாமல் நேராக உள்ளே வந்துவிடும்.

பகலில் கதை தலைகீழ். வெளியே 35 டிகிரி, உள்ளே 26 டிகிரி என்றால் பைபாஸை மூட வேண்டும். அப்போது வரும் காற்று சுமார் 28 டிகிரிக்குக் குறையும்.

அப்போ ஏசி தேவையில்லையா?

அப்படிச் சொல்லிவிட முடியாது. இந்தக் கருவி சுவாசிக்கத் தேவையான அளவு காற்றைத்தான் தள்ளும். வீட்டில் தேங்கிய வெப்பத்தை வெளியேற்ற அது போதாது. இரவில் ஜன்னல் திறப்பதும், பகலில் வெயில் கண்ணாடியில் படாமல் வெளிப்புறத்திலேயே மறைப்பதும்தான் முதல் பாதுகாப்பு.

2022 ஜூனில் இங்கிலாந்தில் அமலுக்கு வந்த கட்டட விதியின் 'ஓ' பிரிவு, புதிய வீடுகள் கோடையில் அதிகம் சூடாகாமல் இருக்க வேண்டும் என்கிறது. ஏற்கெனவே கருவி பொருத்தியவர்கள் முதலில் பார்க்க வேண்டியது ஒன்றுதான்: அதில் பைபாஸ் இருக்கிறதா, அது சரியான நேரத்தில் திறந்து மூடுகிறதா?